கருகிய போர்டும் வோல்ட் ஏற்றும் வைத்தியமும்

கேம் கன்சோல் ஒன்று கருகிப் பழுதுக்கு வந்தால் மேசையில் இன்று நடப்பது பெரும்பாலும் ஒரே காரியம்தான். ஷார்ட் ஆன லைனில் டிசி பவர் சப்ளையின் ஒயரை வைத்து, ஒன்றோ இரண்டோ வோல்ட் ஏற்றி, எது சுடுகிறது என்று பார்ப்பார்கள். சுடுவதைக் கழற்றினால் ஷார்ட் போகும். வேறொன்றைப் போட்டால் வேலை முடிந்தது. செல்போன் பழுதுபார்ப்பில் வளர்ந்த இந்த முறை கன்சோலுக்கும் வந்து, முழுச் சாத்திரமும் இதுதான் என்ற இடத்தைப் பிடித்துவிட்டது. தெர்மல் கேமராக்கள் மலிந்த பிறகு அதன் மவுசு இன்னும் ஏறியது. கறுத்த திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும், வாடிக்கையாளர் அசந்துபோவார்.

முறை வேலை செய்கிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது எந்த ஷார்ட்டைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது, எந்த இடத்தில் தானே போர்டைக் கொல்கிறது என்பதுதான் இங்கே எடைபோட வேண்டியது.

அதன் பலத்திலிருந்து தொடங்குவதே நியாயம். கன்சோல் போர்டில் ஒரே மின்லைனில் பத்து, இருபது, சிப்பைச் சுற்றிய இடங்களில் அதற்கும் மேலே செராமிக் கெபாசிட்டர்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு முனை லைனில், மறுமுனை கிரவுண்டில். மெல்லிய பீங்கான் அடுக்கும் உலோக அடுக்கும் மாறிமாறி வைத்துச் சுட்ட கடுகளவுக் கல் அது. கன்சோல் கீழே விழுந்தாலோ, ஸ்குரூவை அளவுக்கு மீறி முடுக்கினாலோ போர்டு லேசாக வளையும். கல்லின் ஓரத்தில் சாய்வாக விரிசல் ஓடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இரண்டு உலோக அடுக்குகள் தொட்டுக்கொள்ள, அந்த லைனில் உள்ள அத்தனை கெபாசிட்டர்களும் மீட்டரில் ஜீரோ காட்டும். பழைய நாளில் ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தார்கள். கழற்றும்போது பேட் உரிந்துவர வாய்ப்பு இருந்தது. பக்கத்தில் இருக்கும் நல்ல பாகமும் சூடு தின்றது. வோல்ட் ஏற்றும் முறை இந்த அவதியை ஒரே வீச்சில் ஒழித்தது. வெடித்த கெபாசிட்டரைத் தேடும் வேலைக்கு இதைவிட வேகமான வழி இன்றுவரை கிடையாது.

ஆனால் சூடு கணக்குக்குக் கட்டுப்பட்டது. கரண்ட்டை அதே கரண்ட்டால் பெருக்கி, ஓமால் பெருக்கினால் வாட். ஷார்ட்டின் தடை 0.05 ஓம், ஓடுவது 3 ஆம்பியர் என்றால் 0.45 வாட். கடுகளவுப் பாகத்தில் அரை வாட் இறங்கினால் விரல் சுட்டுவிடும், ஆல்கஹால் சட்டென்று காயும், கேமராவில் பளிச்சென்று தெரியும். இதே ஷார்ட் 0.002 ஓமாக இருந்தால், அதே 3 ஆம்பியருக்கு வெறும் 0.018 வாட்தான். பவர் சப்ளையின் ஒயரும் புரோப் முனையும் அதைவிட அதிகம் சுடும். கேமராவைப் பிடித்தால் நீங்கள் ஒயர் வைத்த இடமே வெள்ளையாகத் தெரியும். மறுகோடிக்குப் போங்கள். கடைக்காரர் பேச்சில் ‘ஹாஃப் ஷார்ட்’ என்பார்களே, அது 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 1 வோல்ட் லைனில் அது 0.05 வாட். விரலுக்கும் தெரியாது, ஆல்கஹாலுக்கும் தெரியாது. கேமராவுக்கு மங்கலாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம். 3.3 வோல்ட் லைனாக இருந்து முழு வோல்ட்டையும் ஏற்றினால்தான் அரை வாட் தேறும். ஆக, நடுத்தர ஷார்ட்டில் இந்த முறை கெட்டி. இரு கோடியிலும் அதற்குக் கண் தெரியாது.

மிகக் குறைந்த தடையுள்ள கோடிக்கு வேறு வழி ஒன்று உண்டு. அது ஏன் இவ்வளவு புறக்கணிக்கப்படுகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. போர்டின் செப்புக்கே தடை உண்டு. 35 மைக்ரான் தடிமனில் சதுரமாக வெட்டிய செப்புத் தகட்டுக்கு, சதுரம் பெரிதோ சிறிதோ, ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை ஏறக்குறைய அரை மில்லிஓம். அகலத்தைப் போல் பத்து மடங்கு நீளமுள்ள தடத்தில் 1 ஆம்பியர் ஓடினால் 5 மில்லிவோல்ட் இறங்கும். 200 மில்லிவோல்ட் ரேஞ்ச் உள்ள சாதாரண மல்டிமீட்டரே இதைத் தெளிவாகப் படிக்கும். லைனில் 1 ஆம்பியரை ஓடவிட்டு, ஒவ்வொரு கெபாசிட்டரின் இரு முனைகளுக்கும் நடுவே மில்லிவோல்ட்டை அளந்துகொண்டே போனால் எண் குறைந்துகொண்டே வரும். எங்கே மிகக் குறைவோ அங்கேதான் ஷார்ட். அதைத் தாண்டிய தடத்தில் கரண்ட் ஓடாததால் எண் அதற்கு மேல் இறங்காது. கேமரா வேண்டாம், பாகத்தைச் சுட வைக்கவும் வேண்டாம். இதற்கு வேண்டிய பொறுமையும், எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளும் பழக்கமும்தான் பல மேசைகளில் இல்லை.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ரோசின் புகை, உறைய வைக்கும் ஸ்பிரே ஆகியவை கேமராவுக்கு மலிவான மாற்றுகள். சொல்லும் சேதி ஒன்றே. ரோசின் புகையின் வெள்ளைப் படலம் உருகும் இடம் கேமராவைவிடக் கூர்மையாகவே தெரியும் என்பது என் கட்சி. பளபளக்கும் உலோகப் பரப்பில் தெர்மல் கேமரா ஏமாறும், ரோசின் ஏமாறாது.

அடுத்தது ஆபத்து. இதில்தான் இந்த முறையின் மீது எனக்குள்ள பெரிய குற்றச்சாட்டு இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5 ஒன்று பவர் பட்டனை அமுக்கியதும் ‘பீப்’ என்று ஒலித்து அணைந்துவிடுகிறது. உள்ளே மின்வழங்கி கொடுப்பது 12 வோல்ட். அதை ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கிப் பிரதான சிப்புக்குக் கொடுக்க, சிப்பைச் சுற்றிப் பல பவர் ஐசிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் இரண்டு மாஸ்ஃபெட்: மேலது 12 வோல்ட்டை உள்ளே விடும், கீழது கிரவுண்டுக்கு இழுக்கும். வெளியே ஒரு காயில், அதைத் தாண்டினால் சிப்பின் கோர் லைன்.

இந்த ஐசிகளில் ஒன்றின் மேல் மாஸ்ஃபெட் எரிந்து ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் மிகக் குறைந்த தடை காட்டும், பஸ்ஸர் அடிக்கும். ‘12 வோல்ட் லைன் ஷார்ட்’ என்று எழுதிவைத்துவிட்டு, பன்னிரண்டு தாங்கும் லைன்தானே என்று 5 வோல்ட் ஏற்றுகிறார் ஒருவர். அந்த 5 வோல்ட் ஒட்டிப்போன மாஸ்ஃபெட் வழியாக, காயில் வழியாக, ஒரு வோல்ட்டுக்குச் செய்த சிப்புக்குள் நேரே பாய்கிறது. கன்சோலின் சொந்தக் காப்பு சரியான நேரத்தில் அணைத்து உயிரோடு விட்டிருந்த சிப், பழுது பார்க்கும் மேசையில் சாகிறது. இன்னொருவர் எச்சரிக்கைக்காரர், 1 வோல்ட்தான் ஏற்றுகிறார். கரண்ட் சிப் வழியாகத்தான் கிரவுண்டுக்குப் போகிறது என்பதால் சிப் முழுவதும் லேசாகச் சூடாகிறது. கேமராவைப் பார்த்து, ‘மெயின் சிப் ஷார்ட், போர்டு டெட்’ என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். முதலாமவர் நல்ல சிப்பைக் கொன்றார், இரண்டாமவர் நல்ல சிப்புக்குச் சாவோலை எழுதினார். இருவரும் நம்பியது ஒரே முறையை.

இதைத் தவிர்க்க வேண்டிய அளவு ஒன்றே ஒன்று. வோல்ட் ஏற்றுவதற்கு முன்னால் 12 வோல்ட் லைனுக்கும் காயிலின் மறுபக்கத்துக்கும் நடுவே தடை பார்க்க வேண்டும். அங்கே ஜீரோவை ஒட்டி இருந்தால் மேல் மாஸ்ஃபெட் போய்விட்டது என்று பொருள். அந்த லைனில் பவர் சப்ளையை வைக்கவே கூடாது. எந்த ஐசி என்று தெரிய, காயில்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிரித்து அளக்க வேண்டும். அரை மணி நேர வேலை. பத்து நொடியில் வெள்ளைப் புள்ளி பார்த்துப் பழகிய கைக்கு அது தண்டனையாகத் தெரிகிறது.

கோர் லைனைப் பற்றியே இன்னொரு குழப்பமும் உண்டு. பெரிய சிப்களின் கோர் லைன், நல்ல நிலையிலேயே கிரவுண்டோடு ஒரு ஓமுக்குப் பக்கத்திலோ அதற்கும் கீழேயோதான் காட்டும். கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களின் கசிவு சேர்ந்து தரும் அளவு அது. மல்டிமீட்டரின் பஸ்ஸரோ இருபது, முப்பது ஓமுக்குக் கீழ் எது வந்தாலும் அடித்துத் தொலைக்கும். மீட்டரின் ஒயர்களுக்கே 0.1 முதல் 0.3 ஓம் வரை தடை இருக்கும். முதலில் இரண்டு புரோப்களையும் ஒன்றோடொன்று தொடவைத்து வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைக் கழிக்காமல் கோர் லைனைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவரை நம்பக் கூடாது. பஸ்ஸரை மட்டும் வைத்துச் சொல்பவரிடம் போர்டைக் கொடுக்கவே கூடாது. அதே மாதிரி நல்ல போர்டு ஒன்று கையில் இருந்தால், இரண்டிலும் டையோடு மோடில் ஒரே இடங்களை அளந்து ஒப்பிடுவதுதான் இருப்பதிலேயே நம்பகமான சான்று. கன்சோல்களுக்கு உற்பத்தியாளர்கள் சுற்றுப்படம் வெளியிடுவதில்லை என்பதால் இந்த ஒப்பீட்டை விட்டால் வேறு கதியும் இல்லை.

இடத்தைக் காட்டும் முறை காரணத்தைக் காட்டாது என்பது அடுத்த குறை. நிண்டெண்டோ ஸ்விட்ச் இதற்கு நல்ல பாடம். அந்தக் கருவி இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து பழுதானால் செல்போன் கடைக்குத்தான் போகிறது. அதில் யூஎஸ்பி-சி வழியாக வரும் மின்சாரத்தைப் பேசி முடிப்பது எம்92டி36 என்ற சிறிய ஐசி. சார்ஜரோடு அது பேசினால்தான் சார்ஜர் 5 வோல்ட்டிலிருந்து 15 வோல்ட்டுக்கு ஏறும். நடுவில் ஒரு யூஎஸ்பி மீட்டரை மாட்டிப் பாருங்கள். எண் 5 வோல்ட்டிலேயே நின்றுவிட்டால் சந்தேகம் இந்த ஐசி மேல் விழும். பக்கத்தில் உள்ள கெபாசிட்டரில் ஷார்ட் காட்டும், வோல்ட் ஏற்றினால் ஐசி சுடும், மாற்றினால் ஷார்ட் போகும். இதுவரை எல்லாம் சரி. ஐசி ஏன் செத்தது?

2018 மார்ச்சில் ஸ்விட்சின் 5.0 மென்பொருள் வந்ததை ஒட்டி, வேறு நிறுவனங்கள் செய்த டாக்குகளில் மாட்டிய கருவிகள் செத்துப்போவதாக உலகெங்கும் புகார்கள் எழுந்தன. பல இடங்களில் காரணம் அதைவிடச் சாதாரணம்: யூஎஸ்பி-சி சாக்கெட்டின் உள்ளே வளைந்த பின், அதிக வோல்ட்டைச் சிக்னல் பின்னில் தொடவைத்துவிடுகிறது. வளைந்த பின்னைப் பார்க்காமல் ஐசியை மட்டும் மாற்றிக் கொடுத்தால், வாடிக்கையாளர் வீட்டில் சார்ஜரைச் செருகிய முதல் நாளே புது ஐசியும் போகும். அதே போர்டு, அதே இடம், அதே ஷார்ட். ‘டூப்ளிகேட் ஐசி’ என்று சரக்கின் மீது பழி விழும். சூட்டைத் தேடுகிறவருக்கு சாக்கெட்டை உருப்பெருக்கியில் பார்க்கும் எண்ணமே வராது, ஏனென்றால் சாக்கெட் சுடுவதில்லை.

எந்தப் பாகமும் கெடாமலே ஷார்ட் வருவதும் உண்டு. பிளேஸ்டேஷன் 5-இல் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே காலியம் கலந்த திரவ உலோகம் இருக்கிறது. சூட்டைக் கடத்துவதில் பேஸ்ட்டை விட மேல், ஆனால் மின்சாரத்தையும் கடத்தும். முன்னால் திறந்து சரியாக மூடாமல் விட்ட கருவியில் அது துளியாகக் கசிந்து பக்கத்துக் கெபாசிட்டர்கள் மேல் படியலாம். துடைத்தால் ஷார்ட் போய்விடும். துடைக்காமல் வோல்ட் ஏற்றினால் கெடாத பாகம் கெடும். பிளேஸ்டேஷன் 4-க்குள் மின்வழங்கியின் கதகதப்பைத் தேடிக் கரப்பான் பூச்சிகள் குடியேறுவது பழுதுபார்ப்போர் எல்லாரும் அறிந்த கதை. எச்சமும் செத்த உடலும் சேர்ந்து போர்டில் ஏற்படுத்தும் கசிவு, ஈரம் உள்ள நாளில் ஒரு எண்ணும் காய்ந்த நாளில் வேறு எண்ணும் காட்டும். கண்ணும் பிரஷும் செய்ய வேண்டிய வேலை இது.

இனி, கருகல். ஷார்ட்டைக் கண்டுபிடித்துப் பாகத்தைக் கழற்றிவிட்டார்கள், அடியில் போர்டே கறுத்துக் குழிந்திருக்கிறது. போர்டு என்பது கண்ணாடி இழையும் எப்பாக்சியும் சேர்ந்த பல அடுக்குப் பலகை. முந்நூறு டிகிரியைத் தாண்டினால் எப்பாக்சி சிதைந்து கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பாகத்தைக் கழற்றியும் ஷார்ட் முழுதாகப் போகாமல் சில ஓமோ சில நூறு ஓமோ மிஞ்சினால் கரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இங்கேதான் வோல்ட் ஏற்றுவது தவறு என்று நான் அடித்துச் சொல்வேன். கரித்தடத்தில் கரண்ட் ஓடினால் அது சூடாகி, பக்கத்து எப்பாக்சியையும் கரியாக்கிக்கொண்டே பரவும். அளப்பதற்காகச் செய்தது நோயை வளர்க்கிறது.

கரிக்கு மருந்து சுரண்டல்தான். நுனி மெலிந்த கிரைண்டரால், உருப்பெருக்கியின் கீழ், கறுப்பு முழுதும் போய்க் கண்ணாடி இழையின் வெளிர் நிறம் தெரியும் வரை தோண்ட வேண்டும். கறுப்பின் ஓரத்தில் பழுப்பு வளையம் ஒன்று இருக்கும். அதையும் விடக் கூடாது. பிறகு அளந்தால் மீட்டர் மெகாஓம் காட்ட வேண்டும். குழியை எப்பாக்சியால் நிரப்பி இறுகவிட்டு, அறுந்த தடங்களுக்கு ஜம்பர் இழுக்க வேண்டும். மின்னணுத் தொழிலின் ஐபிசி-7721 தரநூல் கருகிய அடிப்பலகைக்குச் சொல்லும் வழியும் இதுதான்: கெட்டதை வெட்டி எடு, நிரப்பு. சிக்னல் தடத்துக்கும், ஒன்றிரண்டு ஆம்பியர் ஓடும் லைனுக்கும் இது நன்றாக நிற்கும். கோர் லைனில் நிற்காது. ஆடும்போது 200 வாட்டை ஒட்டி இழுக்கும் கருவியில், ஒரு வோல்ட் லைனில் ஓடுவது நூறு ஆம்பியர் அளவிலான கரண்ட். அதைப் பல அடுக்குச் செப்புத் தளங்கள் சேர்ந்து சுமக்கின்றன. அந்தத் தளங்கள் உள்ளே ஒன்றோடொன்று உருகி ஒட்டிய போர்டுக்கு ஜம்பர் ஒயர் வைத்தியம் கிடையாது.

ஹாட் ஏரை எடுத்து போர்டு முழுக்க ஊதிவிட்டு ‘ரீஃப்ளோ பண்ணியாச்சு’ என்று சொல்பவர்களை இந்த எடைபோடலில் சேர்ப்பதா என்று தயங்கினேன். சேர்க்கத்தான் வேண்டும், இன்னும் கடைகளில் நடக்கிறது. இதன் பூர்வீகம் எக்ஸ்பாக்ஸ் 360. மூன்று சிவப்பு விளக்கு எரிந்து செத்த கருவிகளைத் துண்டில் சுற்றி, ஓடவிட்டுச் சூடேற்றி உயிர்ப்பித்தார்கள். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக நீட்டி, அதற்காக நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. சூடாகி ஆறிச் சூடாகி ஆறி இணைப்புகள் விரிசல் விட்டதே காரணம் என்று 2021-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஆவணப்படத்தில் அந்த நிறுவனத்தாரே பேசினார்கள். சூட்டால் விரிந்த விரிசலைச் சூட்டாலேயே தற்காலிகமாகத் தொடவைத்ததுதான் துண்டு வைத்தியம். கருவி சில நாளோ சில வாரமோ ஓடும், மறுபடி சாகும். அது இணைப்பு அறுந்த கோளாறு. ஷார்ட் அதற்கு நேர் எதிர்க் கோளாறு. அறுந்ததற்கே நிற்காத மருந்தை ஒட்டிக்கொண்டதற்குத் தருவதில் எந்த நியாயமும் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு, வேறு போர்டு போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். கேள்வி சரிதான், ஆனால் கன்சோலில் போர்டு மாற்றுவது டிவியில் போர்டு மாற்றுவது போல இல்லை. ஸ்விட்சின் உள்சேமிப்பு அந்தந்தப் பிரதான சிப்பின் சாவியால் பூட்டப்பட்டது. சேமிப்புச் சில்லைக் கழற்றி வேறு போர்டில் வைத்தால் படிக்காது. சந்தா கட்டினால் கிளவுடில் சேமிக்கலாம் என்றாலும் எல்லா ஆட்டங்களுக்கும் அந்த வசதி இல்லை. பல ஆண்டு ஆடிச் சேர்த்தது அந்தச் சிப்போடு கட்டுப்பட்டிருக்கிறது. போர்டைக் காப்பாற்றுவது தரவைக் காப்பாற்றுவதும்தான். அதனால்தான் சிப்பைக் கொல்லக்கூடிய ஒரு சோதனையை முதல் சோதனையாக வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆக, தீர்ப்பு. வோல்ட் ஏற்றும் முறை நல்ல கருவி, மோசமான தொடக்கம். கண்ணால் பார்த்து, பிரஷால் துடைத்து, தடையை அளந்து, நல்ல போர்டோடு ஒப்பிட்டு, இந்த லைன் எந்த லைனோடு ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, லைனின் சொந்த வோல்ட்டைத் தாண்டாமல், கரண்ட்டுக்கு வரம்பு வைத்து ஏற்றினால் அதற்கு இணையில்லை. அதற்கு முன்னால் ஏற்றினால் சூதாட்டம். காசு செலவழிக்க நினைக்கும் இளம் மெக்கானிக்குக்கு என் யோசனை: தெர்மல் கேமராவுக்கு முன்னால் மில்லிஓம் படிக்கும் மீட்டரும், கரண்ட் வரம்பு துல்லியமாக வைக்கக்கூடிய பவர் சப்ளையும் வாங்குங்கள். மின்வழங்கியைத் திறப்பதாக இருந்தால், 230 வோல்ட் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட்டும் அதற்கு மேலும் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். மேலடுக்கில் கெபாசிட்டரோ சிறு ஐசியோ எரிந்த போர்டு பழுதுபார்க்கத் தகுந்தது. கோர் லைனின் பவர் ஐசி எரிந்திருந்தால், அதைக் கழற்றிய பின் சிப்பின் தடை நல்ல போர்டின் தடையோடு ஒத்துப்போனால் மட்டுமே புது ஐசிக்குக் காசு போடலாம். உள்ளடுக்கு வரை கருகியது ஸ்கிராப் போர்டு. அதிலிருந்து நல்ல பாகங்களைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

கருவியைக் கடையில் கொடுக்கும் வாசகர் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: எந்த லைனில் ஷார்ட், கழற்றுவதற்கு முன் எத்தனை ஓம் காட்டியது? எண்ணோடு பதில் வந்தால் கொடுத்துவிட்டு வாருங்கள். ‘ஹீட் போட்டுப் பார்க்கிறேன் சார்’ என்று பதில் வந்தால் கருவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.